ஒரு சிட்டிகை நயோபியம்

"பென்சில் தடிமன் கம்பியில யானையைக் கட்டி, எரியற அடுப்புக்குள்ள பதினோரு வருஷமாத் தொங்கவிட்டிருக்கேன். இன்னும் அறுந்தபாடில்லை!"

ஆய்வுக்கூட வாசலில் காவலாளியிடம் அளந்துகொண்டிருந்தார் சிட்டிகைக்காரர். எஃகில் எந்த உலோகத்தையும் சிட்டிகையளவே சேர்ப்பார் என்பதால் வந்த பெயர். ஓய்வுக்குப் பிறகும் பேச்சில் மட்டும் அந்தச் சிக்கனம் வரவில்லை.

"யானையாம் யானை! அரை டன் எடைக்கல்லுப்பா," என்றார் கூட வந்த மச்சான். மனைவியின் அண்ணன், இதே கூடத்தில் கூடவே வேலை பார்த்துக் கூடவே சண்டை போட்டவர். "அதையும் இன்னிக்குக் கீழ போடப்போறே மாப்ளே."

சாயங்காலம் சோதனை லட்சம் மணி நேரத்தைத் தொடும். தாங்கினால் அந்த எஃகு புது அணு உலையின் நீராவிக் குழாய். அறுந்தால் பழைய இரும்பு. இருவருக்குள் பந்தயம் வேறு: தோற்றவருக்கு மீசையும் போகும்.

அறுநூறு டிகிரியில் தகித்த அடுப்பின் முன் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"சூட்டுல எஃகு மெல்ல மெல்ல ஜவ்வா நீளும் மச்சான். சிட்டிகை வனேடியம், சிட்டிகை நயோபியம் போதும். பொடிப் பொடியா உள்ள உக்காந்து நகரவிடாமப் பிடிச்சுக்கும்."

"பொடி போட்டு மயக்கறது மனுஷங்களைத்தான். எஃகுன்னா குரோமியத்தை அள்ளிப் போடணும்! மணிக்கட்டு தடிமன்ல அப்படிச் செஞ்ச என் கொக்கி மேல தாங்கறதாலதான் உன் கம்பியே தொங்குது."

டமார்!

எடைக்கற்கள் விழுந்ததில் தரையே அதிர்ந்தது. சிட்டிகைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. பதினோரு வருஷம் நின்றுவிட்டு, இன்னும் ரெண்டு மணி நேரம் நிற்கக் கூடாதா? கை தானாகப் போய் மீசையைத் தடவியது.

"சவரக்கத்தி கொண்டாரட்டுமா?" மச்சான் துள்ளிக் குதித்து அடுப்பருகே ஓடினார்.

பணியிலிருந்த பெண் பொறியாளர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். நகர்ந்து மச்சானுக்கு வழிவிட்டார்.

மச்சான் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"மாப்ளே... உன் கம்பி முழுசா இருக்கு. அறுந்தது என் கொக்கி."