அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை

நீதிமன்ற வாசலில் பெர்டிங்கின் கோட்டுப் பையிலிருந்து ஒரு சுத்தியல் வந்தது. காவலாளி அதைத் தூக்கிப் பிடித்தபடி பெர்டிங்கையே பார்த்தான்.

"வெல்டிங்ல கசடு தட்டுற சுத்தி அது. ஷிப்ட் முடிஞ்சு நேரா வர்றேன், பையிலயே கெடந்துடுச்சு," என்றான் பெர்டிங். "இருந்தாலும் நீங்களே வெச்சுக்கோங்க. அந்தப் பய உள்ள இருந்தான்னா என் கை சும்மா இருக்காது."

"கொஞ்சம் சும்மா இருங்கண்ணே," என்றான் நோனோய். "கேஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என்னைத் துரத்திடப் போறாங்க."

எட்மன்டனில் அன்று மைனஸ் இருபத்தெட்டு. இருவரும் பூட்ஸ் பனியை உதறிவிட்டு மாடி ஏறினார்கள். பிலிப்பைன்ஸில் இலோய்லோவிலிருந்து வந்தவர்கள், நான்கு வருடமாக ஒரே பட்டறை. பெர்டிங் மேஸ்திரி, நோனோய் வெல்டர்.

கனடாவிலேயே தங்கிவிட நோனோய் மனு போட்டிருந்தான். கிடைத்தால் மனைவியையும் பத்து வயது மகளையும் கூட்டிக்கொள்ளலாம். வேலைச் சான்றிதழே பொய் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். கூடவே ஐந்து வருடத் தடை.

காரணம் ஒரு போன். குடியேற்ற அதிகாரி பட்டறைக்குப் போட்டுக் கேட்டிருக்கிறார். எடுத்தவன், அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான். எவன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"பொண்ணு நேத்து போன்ல கேக்குது," என்றான் நோனோய். "'அப்பா, நீ நெசமாவே அங்க வேலைதான் பாக்குறியா?'ன்னு. நாலு வருஷமா நெருப்புல வெந்துக்கிட்டிருக்கேன். பெத்த புள்ளைக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான் என்ன பதில் சொல்றது?"

பெர்டிங் பல்லைக் கடித்தான். "அந்த ஸ்டோர் பாக்கற டுவெய்ன்தான்டா. எனக்குச் சந்தேகமே இல்லை. எட்டு மாசமா அவன்கூடப் பேச்சு கெடையாது. போன வாரம் அவன் காபில உப்பைக் கொட்டினேன்."

"பாவம், அவன் எடுத்தான்னு என்ன சாட்சி?"

"நம்மாளுங்க செய்வாங்களா? பதினாலு பேர் இருக்கோம். டோங்டோங், குட்டை தோதோ, தாடி பின்போய்... ஒருத்தனுக்குப் பல்லு வலிச்சாக்கூட எனக்குத்தான் மொதல்ல தெரியும். கூட உக்காந்து சோறு தின்னவன் இப்படி ஒரு துரோகம் செய்வானா?"

வக்கீல் அம்மா கொவால்சுக் கையில் ஒரு கேஸ் கட்டோடு வந்தாள். உட்காரக்கூட இல்லை. "அதிகாரியோட குறிப்பு நேத்துதான் முழுசா கையில கெடச்சுது. கேட்டுக்கோங்க. 'மதியம் பன்னெண்டு இருபது. மனுவில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒரு ஆண் எடுத்தார். அப்படி யாரும் இல்லை என்றார்.' அவ்வளவுதான்."

"பன்னெண்டு இருபதா?" பெர்டிங் எழுந்துவிட்டான். "அந்த போன் பக்கத்துலதானே நான் சாப்பிடுவேன். டயர் விக்கறவன், ஓட்டுக் கேக்கறவன், ஏதேதோ பேரைச் சொல்லிக் கேக்கறவன், அத்தனை பேருக்கும் பதில் சொல்லித் துரத்துறது நான்தானே. நான் கை கழுவப் போன நேரம் பாத்து எடுத்திருக்கான் பாருங்க, களவாணிப் பய. என்னைக் கூண்டுல ஏத்துங்கம்மா. நீதிபதிகிட்ட நானே சொல்றேன்."

"இங்க கூண்டும் கெடையாது, சாட்சியும் கெடையாது," என்றாள் வக்கீல். "இவர் நல்ல வெல்டரான்னு நீதிபதி பாக்கவே மாட்டார். அதிகாரி போன்ல கேட்டதை இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி விளக்கம் கேட்டாங்களா, இல்லையா? அது ஒண்ணுதான் கேள்வி. கேக்கல. அதை வெச்சுத்தான் நான் சண்டை போடணும்."

"ஜெயிச்சா?"

"திரும்ப வேற ஒரு அதிகாரி பாப்பார். திரும்ப விசாரிப்பாங்க. அதே பட்டறைக்கு, அதே நம்பருக்குப் போன் போட்டாலும் போடுவாங்க."

"போடட்டும்," என்றான் பெர்டிங். "இனிமே அந்த போனை வேற எவனும் தொடக்கூடாது. சோத்துக் கையா இருந்தாலும் நானே எடுக்கறேன். இவனைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்? கேக்கறவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்."

நோனோய்க்குக் கண் கலங்கியது. இந்த நாட்டில் தனக்காகக் கோபப்பட இந்த ஒரு மனுஷனாவது இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. உள்ளே நீதிபதி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அரசாங்க வக்கீல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான். கொவால்சுக் முன்னால் போய் அமர்ந்தாள். இவர்கள் இருவரும் பின் பெஞ்சில் ஒடுங்கிக்கொண்டார்கள்.

பெர்டிங்கின் மூச்சு இன்னும் அடங்கவில்லை. "அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்," என்று முணுமுணுத்தான். "யாருன்னு தெரிஞ்ச அன்னிக்கு அவன் தாடை அவனுக்குச் சொந்தம் இல்லை."

நீதிமன்ற எழுத்தர் எழுந்து கட்டைப் பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"ரொடேலியோ சலசார் மக்பனுவா. எதிர்த்தரப்பு, குடியேற்ற அமைச்சர்."

நோனோய் எழுந்து நின்றான்.

பெர்டிங் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"உக்காருடா. வேற யாரையோ கூப்புடறாங்க."