அழிக்கிற கூலி

சாய்ந்த வெயில் பரிசுக் கோப்பையின் விளிம்பில் பட்டு, பெயர் பொறிக்கும் கடையின் கூரையில் நடுங்குகிறது. "பழைய இரும்புக் கடையில மலிவாக் கிடைச்சுது. இந்தப் பேரை அழிச்சுட்டு எங்க டீம் பேரைப் போடணும். எவ்வளவு ஆகும்?" என்கிறார் பயிற்சியாளர். "எழுதறது எழுத்துக்கு அஞ்சு, அழிக்கறது பத்து. அழிக்கத்தாங்க பாடு ஜாஸ்தி" என்றபடியே கடைக்காரர் கோப்பையைத் திருப்புகிறார். ஓட்டப் பந்தயம், முதல் பரிசு; கீழே அவருடைய மகளின் பெயர். செதுக்கியவர் அவரேதான். போன மாதம் அலமாரியை ஒழித்தபோது, மகளிடம் கேட்காமல் எடைக்குப் போட்டவரும் அவரேதான். சட்டென்று கட்டைவிரலால் பெயரை மூடுகிறார். பக்கத்து மேசையில் மிக்ஸியின் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் மகள் நிமிர்ந்து பார்க்கிறாள். ஈயப் புகை அவள் முகத்துக்கு முன்னால் மெல்லக் கலைகிறது. "எழுதறதுக்கு மட்டும் குடுங்க சார். அழிக்கறதை அப்பா சும்மாவே செஞ்சுடுவாரு."