வெள்ளிக்கிழமைக் குளியல்

லேப் ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று இருந்தது.

அவள் நம்பவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து வந்தாள்.

இடப்பக்கம் ஹார்மோனின் பெயர். நடுவில் அவளுடைய எண். வலப்பக்கம் இருக்க வேண்டிய அளவு. எண் அளவை மீறினால் தடித்த எழுத்தில் அச்சாகும் என்று படித்திருந்தாள்.

தடித்த எழுத்து ஒன்றுகூட இல்லை.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் கூட்டம். பக்கத்தில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

சாயங்கால வகுப்பில் கணக்குப்பதிவு படிக்கிறவள் அவள். கூட்டல் இடிக்காமல் வந்தாலும் முதல் பதிவு தப்பாக இருக்கலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் எங்கே தப்பு என்றாலும் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துப் பழகியவள். ஒருவேளை தனக்குத்தான் படிக்கத் தெரியவில்லையோ?

ஐந்து மாதமாக வராதது நார்மலா?

தாடையைத் தடவினாள். காலையில் முடி பிடுங்கிய இடம் எரிந்தது.

புரோஜெஸ்டிரோன் வரியில் நின்றாள். அதற்கு இரண்டு அளவுகள். மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று. அடுத்த இரண்டு வாரத்துக்கு இன்னொன்று. முதல் அளவுக்குள் அவளுடைய எண் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. இரண்டாவதற்கு அது எங்கேயோ கீழே கிடந்தது. முட்டை வெளிவராத பெண்ணுக்கு அப்படித்தான் கிடக்குமாம்.

அப்படியானால் இவர்கள் எந்த வாரம் என்று வைத்துக்கொண்டார்கள்?

தாளின் உச்சிக்குப் போனாள். பெயர். வயது. அதன் கீழே, கடைசி மாதவிலக்கு.

போன வெள்ளிக்கிழமையின் தேதி.

ரத்தம் கொடுத்தது செவ்வாய்க்கிழமை. கீழே, லேப் கவுண்டரில். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே உரக்கக் கேட்டாள்.

“கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சீங்க?”

வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது எந்தக் குளியல் என்று தெரியும். அவளுக்கும் அம்மாவுக்கும் நேர் பின்னால், சர்க்கரை பார்ப்பதற்காகச் சொர்ணத்தம்மாள் நின்றிருந்தார். அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் பெரியம்மா. தையில் கல்யாணம்.

கல்யாணமாகாத பெண் ஐந்து மாதமாகக் குளிக்கவில்லை என்றால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“வெள்ளிக்கிழமைம்மா. வெள்ளிக்கிழமைதான் தலைக்குக் குளிச்சா.”

பொய் இல்லை. அம்மாவே வெந்நீர் விளாவிக் கொடுத்து, சீயக்காய் தேய்த்துவிட்டாள். எல்லா வெள்ளிக்கிழமையும் நடப்பதுதான்.

கவுண்டர் பெண் தேதியைத் தட்டினாள்.

“இந்தத் தேதி தப்பும்மா,” என்றாள் இப்போது, பெஞ்சில் அம்மாவிடம் தாளைக் காட்டி. “அதனாலதான் நார்மல்னு வந்திருக்கு.”

“நார்மல்னு வந்திருக்குல்ல? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு.”

உள்ளே கூப்பிட்டார்கள்.

போன தடவை டாக்டரிடம் முகத்து முடியைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். சொன்னதும் அம்மாதான். டாக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

“அஞ்சாம் நாள் ரத்தத்துல இப்படித்தான் இருக்கணும். பீசிஓஎஸ்ஸா, சினைப்பையில நீர்க்கட்டியா இருக்குமோன்னுதான் பார்க்கச் சொன்னேன். மாசாமாசம் வந்துடுதில்ல?”

“அதெல்லாம் டாண்ணு வந்துரும் டாக்டர்.”

“அவங்க சொல்லட்டும்மா.”

மேசைக்கு அடியில் அம்மாவின் விரல்கள் அவள் தொடையைக் கிள்ளின. சின்ன வயதில் விருந்துக்குப் போன வீடுகளில் இன்னொரு லட்டு கேட்டால் கிள்ளும் அதே இடம்.

இல்லை என்று ஒரு சொல். அது போதும். தொண்டை வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

“போன வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிச்சேன் டாக்டர்.”

சொல்லிவிட்டு, அவர் நிமிர்வதற்காகக் காத்திருந்தாள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. கூந்தலில் ஈரம் காயவில்லை. ஒரு தடவை பார்த்தால் கேட்டுவிடுவார், எந்தக் குளியல் என்று.

அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

“அப்ப ஸ்கேன்லாம் வேண்டாம். வெயிட்டை மட்டும் குறைங்க. முடிக்கு பார்லர் போதும்.”

மாடிப்படி இறங்கும்போது சொர்ணத்தம்மாள் தன் ரிப்போர்ட்டோடு எதிரே ஏறி வந்தார்.

கேட்கும் முன்னே அம்மா தாளை நீட்டினாள். “முகத்துல ஏதோ அரிப்புன்னு காட்ட வந்தோம் மதினி. ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க.”

சொர்ணத்தம்மாள் தாளைத் தள்ளிப் பிடித்து, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினார்.

“அட, ஒரு எழுத்துகூடக் கருப்பா இல்லையே! என்னதைப் பாரு, பூராவும் தார் ஊத்தின மாதிரி இருக்கு.”

அம்மா கண்ணைக் காட்டினாள். அவள் படியிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டாள்.

சொர்ணத்தம்மாள் அவள் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்தினார். உள்ளங்கையில் ஈரம் பட்டிருக்கும்.

“கல்யாணம் முடிஞ்ச கையோட குளிக்காம இருக்கணும் தாயி.”

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு சொர்ணத்தம்மாள். படியேறிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருத்திகூட ஒதுங்கி வழிவிட்டுச் சிரித்தாள்.

அவள் குனிந்தபடியே இருந்தாள்.

“போதும், எந்திரிம்மா,” என்றார் சொர்ணத்தம்மாள். “ஆசீர்வாதம் பலிக்கும்.”