முகம் தெரியாத படம்

“அந்த நன்றி கெட்ட தையல்காரி மாதிரி இல்லக்கா, இந்தப் பொண்ணு தங்கம். வீடியோ எடுக்கலாமான்னு கேட்டதும் சரின்னுட்டா!”

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள் மீடியா.

வீட்டில் அடி தாங்க முடியாமல் ஓடிவரும் பெண்களுக்கான இல்லம் அது. அதன் சமூக வலைதளப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் மீடியாதான். இல்லத்தை நடத்துகிறவர் பெரியக்கா.

“யாரை எடுக்கப் போறே?” என்றார் பெரியக்கா.

“போன வாரம் கைக்குழந்தையோட வந்தாங்களே, அவங்களை. முகம் காட்ட மாட்டேன், பேர் போட மாட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும்.”

“வேண்டாம்மா.”

“அவங்களே சம்மதிச்சுட்டாங்கக்கா!”

“சோறு போடுற இடத்துல கேட்டா, மாட்டேன்னு யாரும்மா சொல்லுவா?”

மீடியாவுக்குச் சுருக்கென்றது.

“கொஞ்ச நாளா நீங்க எதுக்கெடுத்தாலும் வேண்டாம்னுதான் சொல்றீங்க. சுவத்தையும் சமையலறையையும் எடுத்துப் போட்டா யாருக்கா பார்ப்பாங்க? ஜனங்களுக்கு ஒரு ஆள் வேணும், ஒரு கதை வேணும். தையல்காரி படம் எப்படி ஓடுச்சு! மாடி ரூம் எழும்பினதே அதுக்கப்புறம்தானே?”

அது உண்மைதான்.

அந்தப் படத்தில் வெறும் இரண்டு கைகள்தான். ஊசிக்கு அடியில் நீலத் துணியைத் தள்ளிக்கொண்டிருக்கும் கைகள். கீழே, ‘இந்தக் கைகள் இனி நடுங்காது’ என்று மீடியா எழுதியிருந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் கண் கலங்கினார்கள். தையல்காரியே ஃபோனை வாங்கிப் பார்த்து, “ஐயே, என் கையா இது?” என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அப்படிச் சிரித்தவள்தான், கொஞ்ச நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீடியாவிடம் ஒரு வார்த்தை இல்லை. அவளுக்குத் தைத்துத் தருவதாகச் சொன்ன சுடிதார்கூட வெட்டின துண்டுகளாகவே மெஷின் மேல் கிடந்தது.

“எங்கயோ வேலை கிடைச்சுதாம், போயிட்டா” என்றார் பெரியக்கா அன்றைக்கு.

மீடியாவுக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்: “நீங்களாவது போகும்போது சொல்லிட்டுப் போங்க. இங்க ஒருத்தி இருந்தா, காரியம் ஆனதும் கழண்டுக்கிட்டா.”

இப்போதும் அவள் விடுவதாக இல்லை.

“யாரோ ஒருத்தி சொல்லாமக் கொள்ளாமப் போனதுக்கு, மத்தவங்க கதையை நான் சொல்லக் கூடாதாக்கா?”

பெரியக்கா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அந்தப் படத்துக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருந்தாரே, தையல் மெஷின் வாங்கித் தரேன்னு. ஞாபகம் இருக்கா?”

“இருக்கே. எங்க கொண்டு வரணும்னுகூடக் கேட்டாரு. பேச்சோட சரி, ஆளு வரவே இல்லை.”

“வந்தார்.”

“எப்போ? மெஷின் எங்கக்கா?”

“மெஷின் கொண்டு வரலை. எதிர்க்கடை நிழல்ல வந்து நின்னுக்கிட்டு நம்ம வாசலையே பார்த்துட்டிருந்தார். துணி உலர்த்த மாடிக்குப் போன தையல்காரி, ஈரத் துணியைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தா. அவ புருஷன்மா அது.”



“முகம்… நான் முகமே காட்டலையேக்கா.”

“அந்தக் கையை முறுக்கி ஒடிச்சவனுக்கு, அடையாளம் தெரிய முகம் எதுக்கு?”

எல்லா கமென்ட்டுக்கும் உடனுக்குடன் பதில் போட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மெஷின் தருவதாகச் சொன்னவருக்கும் மீடியா பதில் போட்டிருந்தாள். தெரு, பக்கத்துக் கட்டடத்தின் அடையாளம், கூடவே கும்பிடும் கைகளின் படம். ‘உங்களைப் போன்ற நல்ல உள்ளங்கள்…’ என்று தொடங்கிய தன் பதில், வரி மாறாமல் நினைவுக்கு வந்தது.

“வேலைன்னு சொன்னீங்களே?”

“வேலையும் இல்லை, ஒண்ணும் இல்லை. பின்பக்கமா வண்டி வெச்சு வேற ஊர் இல்லத்துக்கு அனுப்பினேன். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கறா. இதை உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீ இன்னொருத்தியை உட்கார வெச்சுப் படம் எடுக்கப் போறேங்கும்போது, எப்படிம்மா வாயை மூடிக்கிட்டு இருக்கிறது?”

மீடியா படத்தைத் தேடி எடுத்து அழித்தாள். ஒரு தட்டுத் தட்டினால் போதும், போய்விட்டது. ஆனால் அதற்குள் அதை எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். அங்கெல்லாம் அந்தக் கைகள் இன்னும் தைத்துக்கொண்டுதான் இருந்தன.

அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அவளை எப்படிப் பேசிட்டேன்… காதால கேட்டுக்கிட்டு எப்படிச் சும்மா இருந்தீங்க?”

“நான் சொல்றேன்னுதான் நின்னேன். அவதான் விடலை. வண்டி கிளம்பும்போதுகூட ஜன்னல் வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டா.”

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“‘நமக்கு நல்லது நெனச்சுத்தான் அந்தப் பொண்ணு படம் போட்டுச்சு. விஷயம் தெரிஞ்சா உடைஞ்சு போயிடும். நன்றியில்லாம ஓடிப் போயிட்டேன்னு என்னைத் திட்டிக்கட்டும்கா. திட்டு வாங்குறது எனக்குப் பழக்கந்தானே’ன்னா.”