ஒரு விதை குறைகிறது

மூலக்குளத்து மொட்டைமாடியில் மாலை வெயில் செய்தித்தாளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. தாளின் நடுவே மஞ்சள் மஞ்சளாகப் பாலைப்பழங்கள். மூன்று வருடம் ஏமாற்றிய ஒரு கோயில்காட்டு மரம் இந்த ஆண்டு மனமிரங்கிக் கொடுத்தவை, எண்ணி நாற்பத்தொன்று. வனவியல் விஞ்ஞானி ரூபி காலையில் பொறுக்கி வந்தாள். பழத்துக்கு ஒரு விதைதான்; கத்தி வைத்தால் கீறிப்போகும் என்று வீட்டையே வேலைக்கு அமர்த்தியிருக்கிறாள். "கடிக்கக் கூடாது. சதைய சப்பிட்டு விதைய இதுல துப்பணும்" என்று கிண்ணத்தைத் தட்டுகிறாள். கணவன் தனிஸ்லாசுக்கு இந்த உத்தியோகம் பிடித்துத்தான் இருக்கிறது. பழம் தேனாக இனிக்கிறது. அதன் பால் உதட்டில் பிசினாக ஒட்டுகிறது. எதிரே மகள் ஜெர்லின் ஒட்டிய உதட்டைப் பிரிக்க முடியாமல் 'ம்ம், ம்ம்' என்று ஏதோ சொல்ல, அவனுக்குச் சிரிப்பு பீறிடுகிறது. சிரிப்போடு சிரிப்பாக வழுவழுவென்று ஒன்று தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது. மூச்சுக் காட்டாமல் அடுத்த பழத்தை எடுத்துக்கொள்கிறான். கிண்ணத்தில் பழுப்பு விதைகள் கிணுக், கிணுக்கென்று விழுந்து ஓய்கின்றன. ரூபி இரண்டு முறை எண்ணுகிறாள். நாற்பது. "நான் முழுங்கலம்மா" என்கிறாள் ஜெர்லின், அழப்போகிற குரலில். தனிஸ்லாஸ் பக்கத்து வீட்டுத் தென்னை உச்சியில் எதையோ மும்முரமாகத் தேடுகிறான். அவன் தொண்டையை ஒரு கணம் பார்த்த ரூபி, களக் குறிப்பேட்டைத் திறந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறாள்: 'விதை நாற்பது. ஒன்றைப் பறவை விழுங்கியது.' மகள் எட்டிப் படிக்கிறாள். "எந்தப் பறவைம்மா?"

"பெரிய பறவைதான்" என்கிறாள் ரூபி. "நாளைக்குக் காலைல திருப்பிக் குடுத்துடும்."