மேஜை மேல் ஒரு சைடு ஸ்டாண்டு

வெல்டிங் பட்டறை ஞானமுத்து சொன்னதை ரங்கராஜ் ஆறு வருஷமாக நம்பவில்லை.

"என்ர வெல்டுதானுங்க உட்டுப்போச்சு."

அத்தனை பேர் முன்னால், தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்ன வார்த்தை அது.

தொண்ணூற்று மூன்றில் நடந்தது. அவிநாசி பக்கம் செம்மண் திடலில் பைக் ரேஸ். மோகன்குமாரின் வண்டி மேடு பள்ளம் தாண்டுவதற்கென்றே இளைக்க வைத்த வண்டி. சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டும் சுண்டுவிரல் தடிமன்தான். "ஒரு கிலோ குறைஞ்சா ஒரு நொடி மிச்சமுங்ணா" என்று சொல்லிச் சொல்லியே ஞானமுத்துவை அப்படிப் பண்ண வைத்திருந்தான்.

மோகன்குமாரின் தங்கை லோகப்பிரியாவுக்கும் ரங்கராஜுக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அதனால் ரங்கராஜும் ரேஸ் பார்க்க வந்திருந்தான். மச்சான் வண்டியில் ஏறி ஜோராக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான், பெண்ணுக்குக் கொடுக்க. பிறகு இளநீர் குடிக்கப் போய்விட்டான்.

திரும்பி வந்தால், வண்டி கல் மேல் சாய்ந்து கிடந்தது. கியர் லிவர் குத்தி இன்ஜின் பக்கம் விரிசல். ஆயில் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. ரேஸுக்கு இன்னும் அரை மணி நேரம்.

மோகன்குமார் பேய் பிடித்தவன் மாதிரி ஆகிவிட்டான். மடங்கிக் கிடந்த ஸ்டாண்டைக் கழற்றி வீசினான்.

"எவன்டா என்ர வண்டியில கை வெச்சது? அது எவனா இருந்தாலுஞ் செரி, இனி என்ர ஊட்டுப் படி ஏறக் கூடாது. சத்தியமாச் சொல்றேன்!"

ஞானமுத்து ஒரு தடவை எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு முன்னால் வந்தார். அப்போதுதான் அப்படிச் சொன்னார்.

மாப்பிள்ளையாகப் போகிறவன் சும்மா இருப்பானா? ரங்கராஜ்தான் முதலில் பாய்ந்தான்.

"ஏனுங்ணா, ஒரு ஸ்டாண்டுக்கு வெல்டு வெக்கத் தெரியலை, உங்களுக்கு ரேஸ் வண்டி ஒரு கேடா? போயி கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பத்த வெச்சுட்டுக் கெடங்க!"

அன்றோடு ரேஸ்காரர்கள் யாரும் ஞானமுத்துவின் பட்டறைப் பக்கம் போகவில்லை.

வீசியெறிந்த ஸ்டாண்டை ரங்கராஜ் எடுத்து வந்திருந்தான். பம்ப் கம்பெனியில் அவன் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். வார்ப்பையும் வெல்டையும் தட்டிப் பார்த்து, தேறும், தேறாது என்று சொல்ல வேண்டும். ஆபீஸ் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருந்தான்.

பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒன்று உறுத்தியது. வெல்டு வைத்த இடம் அப்படியே இருந்தது, மயிரிழை விரிசல்கூட இல்லை. கம்பிதான் வில் மாதிரி வளைந்திருந்தது.

வெல்டு விடவே இல்லை. அப்புறம் எதற்கு அந்த மனுஷன் பொய் சொன்னார்?

எதிர் கோஷ்டிக்கு விலை போயிருப்பாரோ? வேண்டுமென்றே இளகின கம்பியைப் போட்டுவிட்டு, பெரிய குற்றத்தை மறைக்கச் சின்னக் குற்றத்தை ஒப்புக்கொண்டாரோ? ஆறு வருஷமாக இப்படித்தான் ரங்கராஜ் யோசித்துக்கொண்டிருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, லோகப்பிரியா பழைய ஆல்பத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இங்க பாருங்க. நீங்க எனக்குக் கொடுத்த மொத போட்டோ. ஆமா, இந்த மூலையில நம்ம ஞானமுத்தண்ணந்தானே? எதுக்குங்க இப்படிக் கையை ஆட்டிக் கத்தறாரு?"

ரங்கராஜ் வாங்கிப் பார்த்தான். எத்தனையோ தடவை பார்த்த படம்தான். இத்தனை வருஷமும் அதில் தன் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தான்.

படத்தில் அவன் இரண்டு காலையும் தூக்கி ஃபுட்ரெஸ்டில் வைத்து, சினிமா ஹீரோ மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பாரத்தையும் தாங்கி, கீழே அந்தச் சுண்டுவிரல் கம்பி வளையத் தொடங்கியிருந்தது.

ஸ்டாண்டு போட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவது இந்த ஊரில் எல்லோரும் செய்வது. வண்டியில் 'கை வைத்தது' என்று அதை யார் நினைப்பார்கள்? அன்றைக்கு அவனுக்கும் தோன்றவில்லை. ஞானமுத்து கையாட்டியதைக்கூட போட்டோவுக்குத்தான் என்று நினைத்திருந்தான்.

மறுநாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் விசாரித்துக்கொண்டே போனான். ஞானமுத்து ஒரு இரும்பு கேட்டுக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்க தம்பி. கேட்டு ஏதாச்சும் வேணுங்களா?"

ரங்கராஜ் ஸ்டாண்டையும் போட்டோவையும் அவர் முன்னால் வைத்தான்.

ஞானமுத்து ஸ்டாண்டைத் தொடவில்லை. போட்டோவை மட்டும் எடுத்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"அப்ப நல்லா ஒல்லியா இருந்திருக்கறீங்க."

"அண்ணா, வெல்டு உடவே இல்லைங்ணா."

"பழசை எதுக்குங்க தம்பி கிளறீட்டு? அம்மணி நல்லா இருக்குதுங்களா? கொழந்தைக எத்தன?"

"ஒரு பொண்ணுங்ணா."

"போதுமுங்க. வேறென்ன வேணும்?" என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டப் போனார்.

ரங்கராஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ர நிச்சயம் நின்னுபோகக் கூடாதுன்னுதான், நான் அப்படித் திட்டத் திட்டக் கம்முனு நின்னீங்களாங்ணா?"