கடைசி ஆளைக் கேட்டால் போதும்

அணைக்கட்டு அலுவலகக் கணினியில் ஷெல், பைத்தான் என்று இரண்டு நிரல்மொழிகள் குடியிருந்தன. மழைச் செய்திகளிலிருந்து வெள்ள எச்சரிக்கைகளைப் பொறுக்கி ஊர்களுக்கு அனுப்புவது அவற்றின் வேலை.

பைத்தான், வேலைக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு புரோகிராமையும் நிறுத்தி, "முடிச்சியா?" என்று கேட்டது.

"விசாரணைக் கமிஷனா நடத்துறே?" என்று எரிந்துவிழுந்த அதிகாரி, வேலையை ஷெல்லிடம் கொடுத்தார்.

ஷெல் எல்லாப் புரோகிராம்களையும் வரிசையில் நிறுத்திவிட்டுக் கடைசி ஆளை மட்டும் "முடிச்சியா?" என்று கேட்டது.

"மழைச் செய்திக் கோப்பே திறக்கலையே!" என்று முதல் ஆள் அலறியது பைத்தானுக்குக் கேட்டது. அது அதிகாரியிடம் "ஐயா..." என்று வாய் திறந்தது.

"சும்மா கிட" என்றார் அதிகாரி.

கடைசி ஆள் கைக்கு வந்த வெற்றுத்தாளை ஊர்களுக்கு அனுப்பிவிட்டு, "எல்லாம் நலம்" என்றது. ஷெல்லும் அதையே சொன்னது.

ஆற்றோர ஊர்கள் மூழ்கிப்போயின.

மறுநாள், செத்தவர்களின் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும் வேலையை அதிகாரி பைத்தானிடம் கொடுத்தார்.

"இதுக்கு அவசரமில்லை. ஒவ்வொண்ணா விசாரிச்சே செய்."